குதிரை காலை ஊன்றவில்லையா? குளம்புக் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

முந்தின நாள் மாலை நன்றாக ஓடிய குதிரை, காலையில் ஒரு காலைத் தரையில் வைக்கவே மறுத்து மூன்று காலில் நின்றது. எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். கால்நடை மருத்துவர் வந்து குளம்பைக் குறடால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் குதிரை காலை உதறியது. அங்கே சின்னதாக ஒரு துளை போட்டதும் கறுப்பாக, நாற்றமாகச் சீழ் வடிந்தது. மறுநாள் குதிரை நான்கு காலிலும் நின்று தீவனம் கேட்டது.

அதற்குச் சில மாதம் கழித்து இன்னொரு குதிரை. அது நொண்டக்கூட இல்லை, நடை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். சதைப்பிடிப்பாக இருக்கும் என்று நான் இரண்டு நாள் அதை நடத்திக்கொண்டே இருந்தேன். அந்தக் குதிரை தேற ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

குளம்பு விஷயத்தில் எவ்வளவு நொண்டுகிறது என்பதை மட்டும் வைத்து எவ்வளவு ஆபத்து என்று முடிவு செய்யக்கூடாது. பல நேரம் கணக்கு தலைகீழாக இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றை நொண்டலின் அளவைப் பார்க்காமல், கண்ணுக்கும் கைக்கும் மூக்குக்கும் எட்டுகிற அறிகுறிகளை வைத்துப் பிரித்திருக்கிறேன்.

முதலில் ஐந்து நிமிடம்

எந்த மருந்தையும் எடுப்பதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

எத்தனை காலில் தொந்தரவு? ஒரு கால் என்றால் பெரும்பாலும் காயம், சீழ், ஆணி. இரண்டு முன்னங்காலும் சேர்ந்து என்றால் சந்தேகம் உடம்பின் பக்கம் திரும்ப வேண்டும்.

நான்கு குளம்பையும் கையால் தொட்டு ஒப்பிடுங்கள். வெயிலில் நின்ற குதிரையின் குளம்பு எப்படியும் சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடா என்பதுதான் கேள்வி.

அப்புறம் நாடி. கணு மூட்டின் பின்பக்கம், இருபுறமும் விரலை மெதுவாக வைத்தால் குளம்புக்குப் போகும் ரத்தக்குழாயின் துடிப்பு கிடைக்கும். நல்ல குளம்பில் இது மிக மெல்லியது, தேடித்தான் பிடிக்க வேண்டும். விரல் வைத்த உடனே துள்ளினால் உள்ளே அழற்சி இருக்கிறது. இதைக் குதிரை நன்றாக இருக்கும் நாளில் பழகிக்கொள்ளுங்கள். அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

கடைசியாகக் குளம்பைத் தூக்கி, கொக்கியால் மண்ணையும் சாணத்தையும் எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் தடிமனாக இருப்பது சுவர். அதன் உட்பக்கம் சுற்றிவரும் வெளிர் மஞ்சள் கோட்டை வெள்ளைக் கோடு என்பார்கள். நடுவே இருப்பது அடித்தட்டு. பின்பக்கத்திலிருந்து ஆப்பு மாதிரி நீண்டு, ரப்பர் போல் இருப்பது ஃபிராக். மேலே மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் இடத்தை இங்கே மயிர்க்கோடு என்று சொல்கிறேன். சுவர் அங்கிருந்துதான் வளர்ந்து இறங்குகிறது, மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்.

குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸுக்குள்ளும், ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44க்குள்ளும் இருக்க வேண்டும். மருத்துவரை அழைக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரே கால், திடீரென்று, ஊன்றவே மறுக்கிறது

குளம்பு சூடு, நாடி துள்ளல், குறடால் ஓர் இடத்தில் அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறது: இவை சேர்ந்து வந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைக் கோட்டிலோ அடித்தட்டின் சிறு விரிசலிலோ மண் துணுக்கும் கிருமியும் நுழைந்திருக்கும். வறட்சிக்குப் பின் திடீரென்று ஈரம் வரும் நாட்களில் இது அடிக்கடி வரும். வேறு இடத்தில் சீழ் பிடித்தால் சதை வீங்கி இடம் கொடுக்கும். குளம்புச் சுவர் வீங்காது. அந்த அழுத்தம்தான் இவ்வளவு வலி.

சீழுக்கு வழி திறந்தால் பாதி வேலை முடிந்தது. அதை மருத்துவரோ அனுபவமுள்ள லாடக்காரரோ செய்யட்டும். துளை வடிவதற்குப் போதுமான அளவு இருந்தால் போதும். கத்தி கையில் இருக்கிறதே என்று நாமே தோண்டத் தொடங்கினால், சீழ் கிடைக்காத எரிச்சலில் துளை பெரிதாகி, உள்ளிருக்கும் உயிருள்ள சதை வெளியே பிதுங்கும். சீழ் ஒரு வாரத்தில் ஆறும், அந்தப் பள்ளம் ஆற மாதங்கள் ஆகும்.

திறந்த பிறகும், மருத்துவர் வர நேரமாகும்போதும் செய்யக்கூடியது:

1. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, எப்சம் உப்பைத் தாராளமாகக் கரைத்து, குளம்பை 15 முதல் 20 நிமிடம் ஊற வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. நாள் முழுக்க ஊற வைத்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்காதீர்கள், குளம்பு நைந்துபோகும்.
2. துடைத்துவிட்டு எப்சம் உப்புக் களிம்போ, மருத்துவர் தரும் பற்றோ போடுங்கள்.
3. மேலே குழந்தை டயாப்பரைச் சுற்றி டக்ட் டேப்பால் அடிப்பக்கம் தடிமனாக ஒட்டுங்கள். டேப் மயிர்க்கோட்டுக்கு மேலே ஏறி இறுக்கக்கூடாது. இதைவிட மலிவான, உறுதியான குளம்புக் கட்டு எனக்குத் தெரியாது.
4. தினமும் பிரித்துப் பார்த்து மாற்றுங்கள். வடிவது நின்றதும் ஈரப்பற்றை நிறுத்திவிட்டு, துளை காய்ந்து கெட்டியாகும்வரை உலர்ந்த கட்டு மட்டும்.

வழி திறக்காவிட்டால் சீழ் சுவரின் உட்பக்கமாக மேலேறி மயிர்க்கோட்டிலோ குதியிலோ உடைத்துக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருந்தாலும் வலி அன்றோடு குறையும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, டெட்டனஸ். குதிரைக்கு இது எளிதில் தொற்றும், வந்தால் பிழைப்பது கடினம். குளம்பில் எந்தத் துளை விழுந்தாலும் தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். இரண்டு, சாதாரண சீழுக்கு ஆன்டிபயாடிக் ஊசி பெரும்பாலும் தேவையில்லை. கால் மேலே வரை வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கதை வேறு, அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். மூன்று, இரண்டு மூன்று நாளில் சீழும் வராமல் வலியும் குறையாமல் இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். குளம்புக்குள் இருக்கும் எலும்பு முறிந்தாலும் அறிகுறி இதே மாதிரிதான் இருக்கும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ் வந்தாலும் எக்ஸ்ரேதான் பதில். சுவருக்கு உள்ளே சிறு கட்டி வளர்ந்திருக்கலாம்.

குளம்பில் ஆணி ஏறியிருக்கிறது

பார்த்தவுடன் பிடுங்கத்தான் கை போகும். பிடுங்காதீர்கள்.

ஆணி எங்கே, எவ்வளவு ஆழம், எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதை ஆணியோடு எடுத்த எக்ஸ்ரேதான் துல்லியமாகச் சொல்லும். ஃபிராக் ரப்பர் மாதிரி. ஆணியை எடுத்ததும் துளை மூடிக்கொள்ளும், பிறகு தேடினாலும் கிடைக்காது. ஃபிராக்கின் நடுப்பகுதிக்கு மேலே தசைநாணும், படகு எலும்பும், அதை ஒட்டிய நீர்ப்பையும், மூட்டும் நெருக்கமாக இருக்கின்றன. ஆணி அங்கே எட்டியிருந்தால் முதல் நாள் குதிரை லேசாகத்தான் நொண்டும். மூன்றாம் நாள் மூட்டில் கிருமி ஏறியிருக்கும். அப்போது அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய நிலைக்கு வருவது நிச்சயமில்லை.

ஆணியின் இரு பக்கமும் அதைவிட உயரமான மரத்துண்டுகளை வைத்து டேப்பால் கட்டினால், குதிரை ஊன்றினாலும் ஆணி மேலும் ஏறாது. அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். மருத்துவர் எட்டாத தூரத்தில் இருந்து, எடுத்தே ஆக வேண்டும் என்றால்: முதலில் போட்டோ எடுங்கள், ஆணி நுழைந்த இடத்தை மார்க்கரால் வட்டமிடுங்கள், போன திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த ஆணியைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் நீளம் பிறகு தேவைப்படும்.

லாடம் அடித்த பிறகு நொண்டுகிறது

அடிக்கும்போதே குதிரை துள்ளி, ஆணியில் ரத்தம் தெரிந்தால் அது உயிர்ச்சதையில் ஏறிவிட்டது. அந்த ஆணியை எடுத்து, துளையில் போவிடோன் அயோடின் விட்டு, அந்தத் துளையைக் காலியாகவே விட வேண்டும். அன்று நன்றாக இருந்து இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டினால் ஆணி சதையைத் தொடாமல் நெருங்கி நின்று அழுத்துகிறது. ஆணித்தலைகளைச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டுங்கள். எதற்குக் காலை இழுக்கிறதோ அதுதான். லாடக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நல்ல லாடக்காரருக்கும் இது நடக்கும், சண்டைக்குப் போக வேண்டாம்.

முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறது

இதற்குத்தான் நீங்கள் ஓட வேண்டும்.

தொடக்கத்தில் இந்தச் சாய்ந்த நிலைகூட இருக்காது. குதிரை குட்டையாக, முட்டை மேல் நடப்பது மாதிரி அடி வைக்கும். நேராக நடக்கும், திரும்பச் சொன்னால் தயங்கும். கடினத் தரையில் வலிக்கும், மண்ணில் சரியாக இருப்பது போலத் தோன்றும். ஒரு முன்னங்காலைத் தூக்கச் சொன்னால் மறுக்கும், ஏனென்றால் எடை முழுவதையும் இன்னொரு வலிக்கும் கால் தாங்க வேண்டும். நின்ற இடத்தில் எடையை மாற்றி மாற்றி நிற்கும். இரண்டு காலும் ஒரே மாதிரி வலிப்பதால் நொண்டல் என்று கண்ணுக்குப் படாது. நான் ஏமாந்தது இங்கேதான்.

இதன் பெயர் லேமினைட்டிஸ். குளம்பு எலும்பு, சுவரின் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புத் திசுக்களால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்தத் திசு பழுதானால் பிடி தளரும். மேலிருந்து குதிரையின் எடை அழுத்த, பின்னாலிருந்து தசைநாண் இழுக்க, எலும்பு சுழலும் அல்லது இறங்கும். முற்றினால் அடித்தட்டையே துளைத்து வெளியே வரும். இரண்டு நாள் நடத்தினேன் என்று சொன்னேனே, ஒவ்வொரு அடியிலும் அந்தப் பிடியைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே செய்ய வேண்டியவை: தானியத்தையும் பசும்புல்லையும் நிறுத்துங்கள். நடத்தாதீர்கள். குதி வரைக்கும் தாங்குகிற மாதிரி ஆழமாக மணலோ மரத்தூளோ போடுங்கள், படுத்தால் படுக்கட்டும். மருத்துவரை அழையுங்கள். வந்து சேர்வதற்குள் குளம்பையும் கணுவையும் ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். பத்து நிமிடம் வைத்து எடுப்பதில் பயனில்லை. தொடக்க நிலையில் தொடர்ந்து 48 முதல் 72 மணி நேரம் வரை குளிர்விப்பார்கள். குதிரை தானிய மூட்டையை உடைத்துத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் தொடங்கும் ஐஸ்தான் அதிகம் காப்பாற்றும்.

தீவனத்தை நிறுத்துவது என்றால் பட்டினி போடுவது இல்லை. குறிப்பாகக் கொழுத்த மட்டக்குதிரைகளையும் கழுதைகளையும் பட்டினி போட்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் ஊறவைத்து வடித்த உலர்புல் கொடுக்கலாம். ஊறும்போது சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போய்விடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் குளம்பை மட்டும் பார்த்தால் மறுபடி வரும். உடல் பருத்து, பிடரி கெட்டியாக மேடு கட்டியிருக்கும் குதிரைக்கு இன்சுலின் கோளாறு இருக்கலாம். பதினைந்து வயதைத் தாண்டிய குதிரை நீண்ட ரோமத்தை உதிர்க்காமல் நின்றால் பிட்யூட்டரி சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி தங்கிப்போன குதிரைக்கும், கடும் வயிற்றுப்போக்கு கண்ட குதிரைக்கும், ஒரு காலில் பெரிய காயம் இருப்பதால் எதிர்க்காலில் நாள்கணக்கில் எடை தாங்கும் குதிரைக்கும் இது வரலாம்.

வலி அடங்கியதும் லாடக்காரர் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டுதான் குளம்பைச் செதுக்க வேண்டும். வெளிவடிவத்தைப் பார்த்து உள்ளே எலும்பு எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

புதிதாகக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. குளம்புச் சுவரில் சுற்றிலும் வளையங்கள் இருப்பது சகஜம். தீவனமோ பருவமோ மாறினால் விழும். வளையங்களின் இடைவெளி முன்பக்கம் குறுகி, குதிப்பக்கம் அகன்றிருந்தால் பழைய லேமினைட்டிஸாக இருக்கலாம். விற்பவர் என்ன சொன்னாலும் எக்ஸ்ரே கேளுங்கள்.

நாற்றம், கறுப்புக் கசிவு

குளம்பைத் தூக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஃபிராக்கின் பக்கவாட்டுப் பள்ளங்களில் கறுப்பாகக் குழைந்து இருந்தால் அது த்ரஷ், குளம்பு அழுகல். காற்றுப் புகாத இடத்தில் வளரும் கிருமிகளின் வேலை. தினமும் சுத்தம் செய்து, தொங்கும் கிழிசல்களை லாடக்காரரை வைத்து வெட்டி, நீர்த்த போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சை இரண்டு வாரம் பள்ளங்களில் வையுங்கள். மயில்துத்தம் நன்றாக வேலை செய்யும், ஆனால் சிவந்த சதையில் பட்டால் அரித்துவிடும். கெட்டியான பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லாயத்துத் தரை ஈரமாகவே இருந்தால் மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் போகாது.

குதிகளுக்கு நடுவே, ஃபிராக்கின் மையத்தில் இருக்கும் பள்ளத்தைத் தனியாகப் பாருங்கள். அது ஆழமில்லாத குழியாக இருக்க வேண்டும். பிளவாகி, பஞ்சுக்குச்சி உள்ளே போய், குதிரை காலை இழுத்தால் அழுகல் உயிர்ச்சதையைத் தொட்டுவிட்டது. நாற்றம் குறைவாக இருந்தாலும் இதுதான் மோசமான வகை. குதிவலியால் குதிரை முன்முனையை முதலில் ஊன்றும், நடையே மாறும். மருந்து நனைத்த காஸ் துணியைப் பிளவுக்குள் மெதுவாகச் செருகி தினம் மாற்றுங்கள்.

சிகிச்சை செய்தும் போகாமல், காலிஃபிளவர் மாதிரி வெளிறிய சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் வந்தால் அது த்ரஷ் இல்லை, கேன்கர். வீட்டு வைத்தியத்தில் ஆறாது, மருத்துவர் வெட்டி எடுக்க வேண்டும்.

வெடிப்பு

எவ்வளவு நீளம் என்று பார்ப்பதைவிட எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

தரையிலிருந்து மேலே ஏறும் வெடிப்பு, அசிங்கமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் செதுக்கத் தாமதமானதன் விளைவுதான். நீண்ட சுவர் நெம்புகோல் போல வெளியே விரிந்து பிளக்கிறது. செதுக்கி, ஓரத்தை அரத்தால் உருட்டி, வெடிப்பின் கீழ்முனையில் எடை விழாமல் செய்தால் புதுச் சுவர் இறங்கி அதைத் தள்ளிவிடும்.

மயிர்க்கோட்டில் தொடங்கி இறங்கும் வெடிப்பு நூல் மாதிரி இருந்தாலும் விடாதீர்கள். வளரும் இடமே பழுது. விரலை வெடிப்பின் குறுக்கே வைத்து, குதிரையை எடை மாற்ற வையுங்கள். இரு விளிம்பும் அசைந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, நொண்டினாலோ லாடக்காரரும் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். விளிம்புகள் அசையாமல் பிடிப்பதற்கான லாடமும் ஒட்டும் தேவைப்படலாம். எந்த வெடிப்பையும் சுத்தம் செய்யாமல் பிசின் ஊற்றி அடைக்கக்கூடாது, கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

குறுக்குவாட்டில் விழுந்த வெடிப்பு பழைய கதை. எப்போதோ மயிர்க்கோட்டில் அடிபட்டிருக்கும் அல்லது சீழ் உடைந்திருக்கும். மயிர்க்கோட்டிலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று அளந்து எட்டால் வகுத்தால், எத்தனை மாதம் முன்பு என்று தோராயமாகக் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் என்றால் சுமார் மூன்று மாதம். தரைக்கு வந்ததும் அந்தத் துண்டு உடைந்து விழலாம், பதற வேண்டாம்.

தட்டினால் பொள்ளல் சத்தம்

சுவரைச் சின்னச் சுத்தியலால் தட்டும்போது ஓரிடத்தில் காலிப்பானை சத்தம் கேட்டால், அடியில் வெள்ளைக் கோட்டைக் கிளறிப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் சுவர் உள்ளிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது. வலியே இருக்காது, அதனால்தான் தாமதமாகக் கண்ணில் படும். மேலே மருந்து தடவிப் பயனில்லை. பிரிந்த சுவரை வெட்டி எடுத்துக் காற்றுப்பட விட வேண்டும். வெட்டிய அளவைப் பார்த்தால் மனசு பதறும், ஆனால் அதுதான் சிகிச்சை.

லாடம் கழன்று சுவர் பிய்ந்திருக்கிறது

பாதி தொங்கும் லாடத்தோடு நடக்க விட்டால், அதன் ஆணிமேலேயே மிதிக்கும். மடித்த ஆணிமுனைகளை அரத்தால் தேய்த்து, ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து லாடத்தைக் கழற்றுங்கள். ஒரே இழுப்பில் நெம்பினால் மிச்சச் சுவரும் வரும். டயாப்பரும் டேப்பும் சுற்றி, மெத்தென்ற தரையில் நிறுத்துங்கள்.

அடித்தட்டில் சிவப்போ ஊதாவோ தெரிந்தால் கல் மிதித்த ரத்தக்கட்டு. ஓய்வு போதும். குதி மூலையில் லாடத்துக்கு அடியில் திரும்பத் திரும்ப வந்தால் லாடத்தின் அளவு சரியில்லை.

எப்போதும் பொரிந்து உதிரும் குளம்பு

எண்ணெய் பூசினால் பளபளக்கும், அவ்வளவுதான். காலையில் சேற்றிலும் மதியம் காய்ந்த தரையிலும் மாறி மாறி நிற்பதே குளம்பை அதிகம் கெடுக்கிறது. அதோடு செதுக்கும் இடைவெளி: லாடம் இருந்தால் 4 முதல் 6 வாரம், இல்லாவிட்டால் 6 முதல் 8 வாரம்.

தீவனத்தில் பயோட்டின் உதவும். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லிகிராம். துத்தநாகமும் தாமிரமும் குறைந்தால் அதையும் சரி செய்ய வேண்டும். செலினியத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். அளவு மீறினால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டி, மயிர்க்கோட்டிலேயே குளம்பு வெடிக்கும்.

பயோட்டின் ஏற்கெனவே இருக்கும் சுவரை மாற்றாது, இனி வளர்வதைத்தான் மாற்றும். தொடங்கும் நாளில் மயிர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே அரத்தின் விளிம்பால் மேலோட்டமாக ஒரு கோடு போட்டுவிட்டு, லாயச் சுவரில் தேதியை எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து போட்டோ எடுங்கள். கோட்டுக்கு மேலே வரும் சுவர் வழவழப்பாகவும் இறுக்கமாகவும் இருந்தால் தொடருங்கள். ஆறேழு மாதம் கழித்தும் மேலே வருவது கீழே இருப்பது மாதிரியே பொரிந்திருந்தால் டப்பாவை ஓரம் வைத்துவிட்டு, தீவனத்தையும் தரையையும் லாடத்தையும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.